ஒன்பதாம் வளைவுக்கு மேல்

ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில்
சிக்னல் அறுந்துபோகும்.
அதற்குமேல் கூப்பிடுகிறவர்களுக்கு
முகம் தெரியாத ஏதோ கம்பெனியின் பெட்டியிலிருந்து
என் குரல் போகிறது:
"மாதேசன் பேசுறேன். வண்டி ஏற்காடு ஏறுது.
பீப் வந்ததும் சொல்லுங்க."

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்
அந்தக் குரலோடு சண்டையே போடுவார்:
"யோவ், என்னையும் கொஞ்சம் பேச விடுய்யா!"
ஃபைனான்ஸ்காரர் தேதி மட்டும் சொல்வார்.

இறங்கிவந்து அடிவாரத்தில் நிறுத்தினால்
எல்லாம் எழுத்தாகி வந்திருக்கும்,
மிளகு மூட்டை
மிளகா முட்டையாகி.

நான்கு நாளாகச் சுகந்தியிடமிருந்து மட்டும்:
'பேச்சு எதுவும் இல்லை. பதினோரு நொடி.'

போட்டுக் கேட்டேன்.
குக்கர், இரண்டு விசில்.
சூரமங்கலத்தைக் கடக்கும் ஒரு கூட்ஸ்.
மூக்கை உறிஞ்சுகிற சத்தம்;
சளியாகவும் இருக்கலாம்.
அழிக்கவா என்றது பெட்டி.

நான் அடித்தால் எடுக்கமாட்டாள்.
பெட்டிக்குள் என் குரலை மாற்றிவைத்தேன்:
"சுகந்தி, சீட்டுப்பண விஷயத்துல
நீ சொன்னதுதான் சரி.
மத்தவங்க பீப்புக்கு அப்புறம் பேசுங்க."

இன்று ஏழு பேர்.
மண்டிக்காரர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.
ஃபைனான்ஸ்காரர்: "எந்தச் சீட்டுய்யா?"
கடைசியாக ஒன்று:
'பேச்சு எதுவும் இல்லை. நாற்பது நொடி.'

டீ ஆறிக்கொண்டிருக்கிறது.
இன்னும் போட்டுக் கேட்கவில்லை.