முதல் வாரம், இரண்டு மணி நேரம்

வாசல் இயந்திரம் என் அட்டையை
மூன்று முறை துப்பியது.
பதினொரு வருஷம் தின்ற அட்டை,
ருசி மறந்துவிட்டது போல.
காவலர் அஸ்மான் தலையைச் சொறிந்தபடி
சிவப்பு வில்லை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்:
'வருகையாளர்'.
நாளைக்குச் சரியாகிவிடும் காக், என்றார்.
எட்டு மாதமாக எல்லாரும்
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நின்று செய்யும் வேலை கூடாது, இரவு ஷிப்ட் கூடாது,
பாரம் தூக்கக் கூடாது.
டாக்டர் எழுதிய தாளை
ஆபீஸ் பெண் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்தாள்,
தாளுக்கும் ஏதோ ஆகிவிடும் என்பது போல.

உடுப்பறையில் வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி.
அதற்குள் எல்லார் தலையும் மொட்டைதான்.
இத்தனை நாளில் யாரும் என் தலையைப் பார்க்காத
முதல் இடம்.
வெளியே தெரிவது கண்கள் மட்டும்.
அதை வைத்தே சூ லிங் கண்டுபிடித்துவிட்டாள்.
"பசியாறியாச்சா?"
எப்போதோ நான் சொல்லிக்கொடுத்த தமிழ்.
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.
நல்லாயிருப்பாள்.

நுண்ணோக்கியின் கீழே சில்லு.
இடுக்கியைப் பிடித்திருக்கிறாய் என்று
கண் சொல்லித்தான் விரலுக்குத் தெரிகிறது.
மருந்து போகும்போது
விரல் நுனிகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
முன்பு மணிக்கு நானூறு.
இன்று இரண்டு மணி நேரத்தில் முப்பத்தேழு.
அதிலும் ஒன்று கீழே விழுந்தது.
தேடவில்லை. குனிந்தால்
எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும்.

என் முன்னால் மூன்று தட்டுகள்:
தேறியது, கழிவு,
இன்னொரு முறை பார்க்க வேண்டியது.
மூன்றாவதில் நான் எதையும் வைத்ததே இல்லை முன்பெல்லாம்.
அவ்வளவு திமிர்.
இன்றைக்குப் பாதி அதில்தான் கிடக்கிறது.

பத்து மணிக்கு வெளியே விட்டார்கள்.
ஆலை பஸ் சாயங்காலம்தான் வரும்.
401-க்கு நிற்கும்போது கவனித்தேன்,
பாயான் லெப்பாஸில் பத்து மணி வெயிலை
நான் பார்த்ததே இல்லை.
பகல் ஷிப்ட் என்றால் உள்ளே,
இரவு ஷிப்ட் என்றால் தூக்கத்தில்.
தாழ வந்த விமானத்தின் நிழல்
சாலையைக் கடந்து, எதிர்க் கடையின்
தகரக் கூரையில் ஏறி இறங்கிப் போனது.
மேசைக்கடியில் படுத்திருந்த நாய்
ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடியது.
அதற்கு இது பழகிய காட்சி.

பஸ்ஸில் சில்லறைக்காகப் பையைத் துழாவினால்
கையில் வருகிறது சிவப்பு வில்லை.
கொடுக்க மறந்திருக்கிறேன்.
அஸ்மான் கணக்கில் ஒரு வருகையாளர்
இன்னும் உள்ளேயே இருக்கிறாள்.
நாளைக்குப் போய்த்தான்
அவளை வெளியே எடுக்க வேண்டும்.