ஏழு மணிச் செய்திகளில் ஒரு பாதம்

கம்பளி லாரிக்காரன் கொண்டுவந்த சீட்டு.
சிகரெட் அட்டையின் உட்புறம், பென்சில்.
"நாய்க்கு இடது முன்னங்கால் வீங்கிவிட்டது.
நக்கிக்கொண்டே கிடக்கிறது. ஆட்டுக்கறியைக்கூடத் தொடவில்லை.
என்ன செய்வது?
எவாரிஸ்தோ அந்திலெஃப், மேல் முகாம்."
நாயின் பெயரை எழுதவில்லை.

மேல் முகாமில் தொலைபேசி கிடையாது.
பழைய கார் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று உண்டு.
அதற்குள் நான் உண்டு,
ஏழிலிருந்து ஏழரை வரை,
பத்தகோனியாவின் காற்று சம்மதித்தால்.

கால்நடை மருத்துவர் மாரிசெல்
சேற்று பூட்ஸோடு வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தாள்.
"பார்க்காமல் என்னத்தைச் சொல்ல" என்றாள் முதலில்.
அதை எழுதிக்கொள்ளவில்லை.
மற்றதையெல்லாம் எழுதினேன்.

"நெலிதா குரினாங்கோவுக்கு: அம்மா கண் விழித்துவிட்டாள், சூப் கேட்கிறாள்.
ஓடைப் பண்ணைக்கு: விறகு சனிக்கிழமை வரும், பணம் தயாராக இருக்கட்டும்.
மேல் முகாம் அந்திலெஃபுக்கு:
வெதுவெதுப்பான நீரில் உப்புக் கரைத்து
அதன் பாதத்தைப் பத்து நிமிடம் வையுங்கள்.
உங்கள் மணிக்கட்டு தாங்கும் சூடு, அதற்கு மேல் வேண்டாம்.
விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள்.
முள்ளோ புல்லின் கூரோ தலை நீட்டினால்
போன வழியே இழுங்கள், ஒடியாமல்.
தெரியாவிட்டால் தோண்டாதீர்கள்.
உங்கள் முழங்கால் மாத்திரையை
அதற்குக் கொடுக்கவே கூடாது. பாதிகூட.
இரண்டு நாளில் வீக்கம் இறங்காவிட்டால், சீழ் கண்டால்,
லாரிக்குக் காத்திருக்க வேண்டாம்.
சேணத்தின் முன்னால் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கி வாருங்கள்."

எதையும் இரண்டு தடவை வாசிப்பது வழக்கம்.
மாத்திரையை மட்டும் மூன்றாவது தடவையும் வாசித்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் நிலையக்காரர்
கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

யார் வீட்டுச் சமையலறையில் போய் விழுகிறேன்
என்று எனக்குத் தெரியாது.
இருபத்திரண்டு வருடமாக
பதில் சொல்லாத வீடுகளுக்குக் குரல் கொடுக்கிறேன்.
அன்றிரவு பாத்திரம் கழுவும் நீரில்
மணிக்கட்டை விட்டுப் பார்த்தேன்.
சுட்டது.
வெதுவெதுப்பு என்று சொல்லும்போது
எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது அது.

மூன்றாம் நாள் குதிரையில் யாரும் வரவில்லை.
நல்லதா கெட்டதா?
மாரிசெல்லைக் கடைத்தெருவில் பார்த்தேன்,
தோளைக் குலுக்கினாள்.
ஐந்தாம் நாள் காற்று ஆன்டெனாவைச் சாய்த்துப் போட்டது.
இரண்டு இரவுகள் நானும் யாருக்கும் இல்லை.

பதினோராம் நாள் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
மறுபடி சிகரெட் அட்டை.
"மாவு ஒரு மூட்டை. யெர்பா இலை இரண்டு கிலோ.
பேட்டரி சாகப்போகிறது, வேறு வேண்டும்.
கடையில் சொல்லவும்."
திருப்பினேன்.
டேப் போட்டு ஒட்டிய கலஃபாத்தே முள்,
மூன்றாகக் கிளைத்தது,
அதில் ஒரு கூர் மட்டும் கறுத்து, நகம் அளவு.
கீழே, பென்சிலை அழுத்தி:
"சிச்சா தின்கிறாள்."

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தின்கிறாள்.
நானோ மலையெல்லாம் கேட்க
அது, அதன், அதற்கு என்றிருக்கிறேன்.

ஏழு மணி.
"மேல் முகாமுக்கு: மாவும் யெர்பாவும் வரும்,
பேட்டரி திங்கட்கிழமைதான்.
அவளுடைய காலை இன்னும் நாலு நாள் உப்பு நீரில் வையுங்கள்."
கடைசி வரியை யாரும் எழுதித் தரவில்லை.
பிறகு அடுத்த தாள்:
யாருக்கோ சலவை இயந்திரம் வந்து இறங்கியிருக்கிறது.
டேப்பைத் தாண்டிக் குத்திய முள்ளுக்கு
விரலை வாயில் வைத்திருந்தேன்.
பெயர் குழறிவிட்டது.
இரண்டாம் தடவை சரியாக வாசித்தேன்.