நாலு விரற்கடை

ஷார்ஜா, பத்தாம் இண்டஸ்ட்ரியலில்
பழைய சிவிக் ஒன்று மலிவாகக் கிடைத்தது.
விற்றவனுக்கு இருபது வயதிருக்கும்.
ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தியிருந்தான்.
டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே
சுண்டுவிரல் நுழையாது.
தரைக்கும் வண்டிக்கும் நாலு விரற்கடை.

நின்றால் அழகுதான், மறுக்கவில்லை.
பாயப் போகிற பூனை போல
வயிற்றை மண்ணோடு வைத்திருக்கும்.

ஓட்டினால்தான் தெரிகிறது
இந்தப் பாலைவனம் தட்டை இல்லையென்று.
மெயின் ரோடு விட்டு இறங்கினால்
என் கட்டடம் வரைக்கும் எட்டு மேடு.
பள்ளிக்கூடத்து முன்னால் மட்டும் மூன்று.
பள்ளிவாசல் சந்தில் ஒன்று, பெயின்ட் அழிந்தது,
இரவில் அடிவயிற்றால்தான் பார்க்க முடியும்.

நேராக ஏறினால் மாட்டும்.
கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக,
நண்டு வளைக்குப் போகிற மாதிரி போகவேண்டும்.
பின்னால் ஹாரன் அடிப்பவனுக்குக்
கண்ணாடியில் கை காட்டுவேன்: பொறு, பொறு.
லேண்ட் குரூஸர்காரன்
என் தலைக்கு மேலே ஆகாயத்தில் போவான்.

டயரில் உள்பக்கம் மட்டும் தேய்கிறது.
வெளியே பார்த்தால் புதுசு,
உள்ளே கம்பி தெரிகிறது.
(அறையில் யாரையும் குறித்துச் சொல்லவில்லை.)

மணல் பார்க்கிங்கில் ஒருநாள்
வயிறு படிந்து உட்கார்ந்துவிட்டது.
சக்கரம் சும்மா சுற்றியது.
ஷிஃப்ட் முடிந்து வந்த பெங்காலிப் பையன்கள் ஆறு பேர்
செத்த வெட்டுக்கிளியை எறும்பு தூக்குவது போலத்
தூக்கி ரோட்டில் வைத்துவிட்டு
டீ கூடக் குடிக்காமல் போனார்கள்.
ஏப்ரல் மழைக்குக் கால்மிதி மிதந்தது.
ஜூன் வரைக்கும் வண்டிக்குள் குளத்து வாசம்.

வெள்ளிக்கிழமைகளில் பூவலிங்கம் அண்ணன் வருவார்.
தொண்ணூற்றெட்டுக் கிலோ.
மேடு வந்தால் சொல்லாமலே இறங்கிவிடுவார்.
சப்பரத்துக்கு முன்னால் தீவட்டி பிடிப்பவர் போல
முன்னே நடந்து, குனிந்து, செல்போன் டார்ச் அடித்து
‘வா… வா… நில்லு, தட்டுது… இப்ப வா’ என்பார்.
அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வார்.
மூட்டுவலி பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

கணக்கு எளிதானது.
நான் மட்டும் என்றால் எட்டும் தாண்டும்.
ஒருத்தர் ஏறினால் இரண்டில் உரசும்.
மூன்று பேர் என்றால் எல்லாவற்றிலும்.
தனி ஆளுக்கென்று அளந்து அறுத்த வண்டி.
ஒன்பது வருஷமாக
அதில் எனக்கொரு குறையும் தெரியவில்லை என்று சொன்னால்
பொய். வண்டி வாங்கி ஒன்றரை வருஷம்தான்.
ஒன்பது வேறு கணக்கு.

பாசிங்கில் ஆபீஸர் ஸ்பிரிங்கைப் பேனாவால் தட்டி
‘அறுத்ததா?’ என்றார்.
‘வாங்கும்போதே சார்.’
பெயில். முப்பது நாள் அவகாசம்.

கராஜில் குல் ஜமான் அடியில் படுத்துக்கொண்டே சிரித்தான்.
‘வெட்டினது வளராது பாய், நகமா அது?’
நாலு ஸ்பிரிங், நாலு ஷாக்,
ஆயிரத்து இருநூறு திர்ஹம்.
அந்த ஆயிரத்து இருநூறு
ஏற்கெனவே விசிட் விசாவாகியிருந்தது.

பதினேழாம் நாள் செண்பகவல்லி வந்து இறங்கினாள்.
இரண்டு பிள்ளைகள், மூன்று பெட்டி.
‘அம்மிக்கல்லா வச்சிருக்க?’
‘அரிசிமாவும் ஊறுகாயும்தான்.’
டிக்கியை மூடியதும்
வண்டி முனகிக்கொண்டு பின்னால் குந்தியது.
ஹெட்லைட் இரண்டும் நட்சத்திரம் தேடின.

முதல் மேடு.
கோணலாகத்தான் போனேன், மெதுவாகத்தான்.
சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம்,
தலையிலிருந்து வால் வரை, நீளமாக.

‘என்னங்க அது?’
‘ஆள் ஏறியிருக்கு, அதான்.’
‘இறங்கி நடக்கட்டுமா?’
கதவில் கையே வைத்துவிட்டாள்.
‘வேண்டாம். உட்காரு.’

சின்னவன் சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினான்.
போனில் மட்டும் பேசிப் பழகிய குரல்,
காதுக்குப் பக்கத்தில்:
‘அப்பா, இன்னொரு மேடு இருக்கா?’

‘இருக்குடா,’ என்றேன்.
‘இன்னும் ஏழு.’