காய்ச்சல் விட்ட நாள்

ஐந்தாம் நாள் விடிய
தங்கச்சியின் நெற்றி குளிர்ந்திருந்தது.
விட்டிட்டுது என்று பக்கத்துக் கட்டிலுக்கும் சொன்னேன்.
மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.
மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்தவ
அரை மணிக்கு ஒருக்கா வரத் தொடங்கினா.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. என் வேலை எழுதுவது.
குடித்தது: ஜீவனி, நூற்றைம்பது.
போனது: இருபத்தைந்து மில்லி, கடும் மஞ்சள்.
ரவிக்கை அளவு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில்
கயல்மதியின் தண்ணீர்க் கணக்கு.
பிளேட்லட் அறுபதாயிரம். பிறகு முப்பத்தொன்று. பிறகு பதினாலு.

"முந்தி வந்ததா?"
டொக்டர் குருநாகல்காரர்,
தமிழை ஒவ்வொரு சொல்லாய்ப் பொறுக்கித்தான் கேட்பார்.
வந்தது. செட்டிக்குளம் முகாமில், கூடாரத்தில், அவளுக்கு ஏழு வயது.
அப்போது அதற்குப் பெயர் வெறும் காய்ச்சல்.
பாதிப் பெனடோல். நான் நனைத்துப் போட்ட சீலைத்துண்டு.
அடுத்த கிழமை வாளியோடு தண்ணி வரிசையில் நின்றாள்.
சோதனை இல்லை, துண்டு இல்லை.
உடம்பு மட்டும் எழுதி வைத்திருந்தது.

நாலு விதமாம்.
வென்ற ஒன்றை உடம்பு திரும்ப உள்ளே விடாதாம்.
இது வேறொன்று, சாயல் மட்டும் அதே.
பழைய காவல்காரர் ஓடிவந்து பிடித்திருக்கிறார்கள்.
கொல்லப் பிடி போதவில்லை,
விடவும் தெரியவில்லை.
பிடித்த கையோடு அறைக்குள் கூட்டிப்போய்
இருத்திவிட்டார்கள்.
அங்கே அது பெருகியது.
நாளங்கள் கசிந்தன.
இரத்தத்தின் நீர் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும்,
வரம்பு உடைந்த வயலில் போல.

எனக்குக் கோபம் வந்தது.
மறக்காதே மறக்காதே என்றுதானே
எங்களுக்குச் சொன்னது.
ஒருவரிடமும் கேட்கவில்லை. சேலைன் துளியை எண்ணினேன்.

அன்றிரவு அவளுடைய கால் சில்லிட்டது.
திரையை இழுத்தார்கள்.
கொப்பியில் அந்த மூன்று மணித்தியாலத்துக்கும்
வெறும் கோடு.
பிறகு நாலு இருபதுக்கு: நூற்றிப்பத்து மில்லி.
அளவுச்சாடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீடு திரும்பிய அன்று வட்டக்கச்சியில் மழை விட்டிருந்தது.
கோழிக்குத் தண்ணி வைக்கிற
இரும்புத் தொப்பியைக் கவிழ்த்தேன்.
யாருடையதென்று இதுவரை யோசித்ததில்லை.
நெளிந்தவை மண்ணில் கொஞ்சநேரம் நெளிந்தன.

"இன்னும் ரெண்டு விதம் இருக்கு" என்றாள்,
கஞ்சியை ஊதியபடி.

எனக்கு எத்தனை மிச்சமென்று தெரியாது.
ஒரே கூடாரம்தான்.
அவளுக்குப் பிறகு எனக்கும் காய்ந்தது,
பிறகு அடுத்த கூடாரத்துக்கு,
பிறகு அந்த வரிசைக்கு.