லஸ்கரிடம் சொல்ல வேண்டியது

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் பாலம்தான்.
ஏறி முடித்த மூச்சிலேயே இறங்கிவிடும்.
இருபத்தொரு கியர் வைத்த சைக்கிளை
என் தலையில் கட்டிய கும்பகோணத்துக் கடைக்காரர்
மூன்று போதும் என்று சொல்லவில்லை.
மலை இல்லாத குறைக்குக் காற்று இருக்கிறது.
தை மாதத்தில் கடலில் கிளம்பி,
வழியில் ஒரு குன்றும் மறிக்காமல் வந்து
முதன்முதலாக என் நெற்றியில்தான் முட்டுகிறது.

பாதை போடுவது ஜெஸிமா.
பஸ் போகும் சாலை கூடாது என்பது அவள் விதி.
மினிபஸ் விதிவிலக்கு:
எப்போது வருவோம் என்று அதற்கே தெரியாது.
நன்னிலத்தில் ஐந்தே முக்காலுக்கு.
பிறகு ஆற்றின் தென்கரை,
ஒரு மதகில் வடகரை,
போன் முடிந்துவிட்டதாகக் காட்டுகிற இடத்தில்
முடியாமல் போகும் கப்பி ரோடு.
மருந்துக்கடையில் வாரமெல்லாம்
டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கிறவளுக்கு
இந்தக் கரைகள் எம்மாத்திரம்.

பனிக்குள் சத்தம்தான் முதலில் வரும்:
மோட்டார் கொட்டகை,
மூங்கில் குத்து உரசுவது,
யாரோ ஆற்றில் துணி அடிப்பது.
பிறகு அறுத்த வயல். வைக்கோல் தாள்களுக்கு நடுவே
இரண்டு இலை விட்ட உளுந்து.
பெல்ட் மிஷின் உழப்பிய சேற்றில்
ஒற்றைக் காலில் நாரை,
தவணை கட்ட வந்து டோக்கனோடு நிற்பதுபோல.
(மன்னிக்கவும். நான் கூட்டுறவு வங்கியில் இருக்கிறேன்.)

அதற்கப்பால் பாதிச் சாலை நெல்.
மீதிப் பாதி எங்களுக்கு,
அதுவும் ஒரு முழம்.
கால் விரல்களால் நெல்லில் கோடு இழுத்துக்கொண்டிருந்தவர்
நிமிராமலே கேட்டார்: எந்த ஆபீசு?
ஆபீஸ் இல்லைங்க.
கணக்கெடுப்பா? இன்சூரன்சா?
இல்லைங்க, சும்மா.
சும்மாவா.
அந்தச் சொல்லை வாயில் போட்டு
ஈரப்பதம் பார்க்கிறவர்போல் மென்றார்.
நன்னிலத்திலேருந்து சும்மாவா.
ஆமாங்க.
திரும்பியும் சும்மாதானா?

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
அப்ப ஒண்ணு செய்ங்க,
போற வழிதானே, ரெகுலேட்டர்ல லஸ்கர் இருப்பாரு.
சூசைராஜ்னு பேரு.
வைரக்கண்ணு சொன்னாருன்னு சொல்லுங்க,
நாளைக்கு மிஷின் எறங்குது,
வாய்க்கால் தண்ணிய ரெண்டு நாளைக்கு அடைக்கச் சொல்லி.
போன் எடுக்க மாட்டேங்கறாரு.

அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை.
மீன்கொத்தி இருந்ததாம், ஜெஸிமா சொன்னாள்.
கரையில் ஒரு தேவாலயம், நீல வண்ணத்தில்.
எனக்கு ஷட்டர்தான் கண்ணில் நின்றது.
ஐந்தாவது கியர், ஆறாவது கியர்,
காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ள,
இரண்டு நாள், வைரக்கண்ணு, இரண்டு நாள் என்று
பெடலுக்கு ஒரு சொல்.

சூசைராஜ் ரெகுலேட்டர் சுவரில் உட்கார்ந்து
பேட்டரி இல்லாத டார்ச்சைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.
சொன்னோம்.
நீங்க அவருக்கு என்ன வேணும்?
ஒன்றும் வேண்டாம்.
பின்னே?
ஜெஸிமா சைக்கிளைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.
வழியில வந்தோம், என்றேன்.
அதை அவர் ஏற்றுக்கொண்டார்.
எழுந்தார். கிரீஸ் மணக்கும் சாவியைச் சொருகி
உடம்பையே சாய்த்துச் சுற்றினார்.
பலகை இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை,
ஓசைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானது.

திரும்பும்போது காற்று முதுகில்.
மிதிக்காமலே பத்துப் பனை தூரம் போகலாம்.
பக்கத்திலேயே வாய்க்கால்,
கரைக் கல்லில் இரண்டு விரல் ஈரம் விட்டு
கீழே இறங்கிக்கொண்டிருந்தது.
எங்களைவிட மெதுவாகத்தான்.
சாலை நெல்லுக்கு வந்தபோது அவர் இல்லை.
படுதாமேல் நான்கு செங்கல்.
ஓரமாய் அந்த ஒரு முழம்
இப்போது ஒன்றரை முழமாக ஒதுக்கியிருந்தது.

அடுத்த ஞாயிறு அரசலாற்று வடகரை என்கிறாள்.
போகலாம்,
யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிராத பக்கமாக.
இருந்தாலும்
ஒரு பேனா எடுத்துக்கொள் என்றேன்.