ஐம்பத்தெட்டில் நாற்பத்தேழு

மின்சார பில்லின் முதுகில்தான் கணக்குப் போட்டோம்.
கொழும்பென்றால் நாலு வருசம்,
அறை வாடகை, வெள்ளவத்தைச் சாப்பாடு,
தவணைக்குத் தவணை கட்டுகிற காசு.
அப்பா ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டார்,
அம்மா பேனையை வாங்கிப் போட்டா.
இங்கேயென்றால்
பதிவுக் காசு, ஒரு சோடி சப்பாத்து,
பாலையூற்றிலிருந்து பஸ்.

"ரெண்டு வருசம் இங்க. பிறகு அங்க மாறுறன்"
என்று நான் சொன்னது
மீன் சந்தையில் விலை கேட்டுவிட்டுத்
'திரும்பி வாறன்' என்பவளின் குரலில் இருந்தது.
எனக்கே கேட்டது.

பஸ் நிலையத்தில் ஒரு மான்
கொழும்புக் கம்பசின் வழுவழுத்த தாளை
என் பையிலிருந்து இழுத்துத் தின்றது,
சிரிக்கும் மாணவர்களை முதலில்,
கட்டண அட்டவணையைக் கடைசியில்.
மீந்த மூலையில் ஒரு தொலைபேசி இலக்கம்.
அதற்குத்தான் எடுத்தேன்.

எடுத்தவள் நல்லவிதமாகத்தான் கதைத்தாள்.
மாறலாம். மூன்றாம் வருசத்துக்கே வரலாம்.
ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும்
பாடத்திட்டம் வேணும், முத்திரையோடு.
முத்திரை இல்லாதது
படிக்காதது மாதிரி.

அன்றிலிருந்து எனக்கொரு நீலக் கோப்பு.
தவணை முடிய முடிய
அலுவலகத்துத் தயானந்தி அக்காவின் மேசையடியில் நிற்பேன்.
ஊதா மையில் குத்துவதற்கு முன்
கண்ணாடியைக் கழற்றுவா. ஏனென்று தெரியாது.
"இன்னும் போகேல்லையா நீ?"
"இன்னும் மூண்டு தவணை அக்கா."

போகிறவள் என்பதால்
கதவோரக் கதிரை எனதாயிற்று.
விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை.
குழுப்படத்தில் ஓரமாய் நின்றேன், வெட்டினால் வெட்டட்டும் என்று.
கிண்ணியாவிலிருந்து வரும் ரிஸ்மியா
மதியச் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளி,
"ட்ரான்சிற் பயணி, சாப்பிடு" என்பாள்.
சாப்பிடுவேன்.

நாலாம் தவணை
உப்புவெளிக் கரையில் ஒரு மாதம்
அலை எதுவரை வருகிறதென்று அளந்தோம்.
மட்டக்கோலை நான் பிடிக்க
ரிஸ்மியா கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்துக் கத்துவாள்:
"ஆடாத! ஆடாத!"
நான் ஆடவில்லை.
என் காலடியில் மணல் போய்க்கொண்டிருந்தது.
நேற்று அடித்த முளை இன்று சரிந்து கிடக்கும்.
அதைப் பிழையென்று எழுதுவதா, அளவென்று எழுதுவதா
என்று வெயிலில் நின்று சண்டை பிடித்தோம்.
அளவென்று எழுதினோம்.
அந்த மாதம் மட்டும்
நான் எங்கேயும் போகிறவளாக இருக்கவில்லை.

பதில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.
ஐம்பத்தெட்டு கிரெடிட்டில் நாற்பத்தேழு ஏற்கப்படும்.
ஏற்கப்படாதவை:
கணினி அறிமுகம், அடிப்படை ஆங்கிலம்,
கரையோரக் கள அளவை.
ஒத்த பாடம் எங்களிடம் இல்லை.

அப்பா கைபேசியில் பெருக்கிப் பார்த்தார்,
"எண்பத்தொரு வீதம். நல்ல புள்ளி."
"மிச்சப் பதினொண்டுக்கும் காசு திருப்பித் தருவாங்களா?"
இது அம்மா.
"அதுக்கு நாங்கள் காசே கட்டேல்லையே."
"பிறகென்ன."

பிறகென்ன.
பில்லின் முதுகு சரியாகத்தான் சொல்லியிருந்தது.
இரண்டு வருசக் கடன், நாலு வருசத்துக்கல்ல.
கையெழுத்து வைத்தேன்.

இரவு ரயில். சீனன்குடாவில்
மா ஆலையின் விளக்குகள் தண்ணீரில் நீண்டு நின்றன.
கல்லோயாச் சந்தியில்
எங்கள் பெட்டிகளைக் கழற்றி விட்டு
என்ஜின் எங்கோ போய்விட்டது.
மின்விசிறி நின்றது. குழந்தைகள் எழும்பின.
யாரோ ஒருவர், மட்டக்களப்பு வண்டி வரும்வரை
இப்படித்தான் என்றார்.

மடியில் நீலக் கோப்பு.
கடைசித் தாள் இனித் தேவையில்லாதது,
கரையோரக் கள அளவை, ஊதா முத்திரை
கொஞ்சம் சரிந்து விழுந்திருந்தது.
எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

ரிஸ்மியாவின் செய்தி, படத்தோடு:
'உன்ர முளை இப்ப தண்ணிக்குள்ள.
ரெண்டடி நாலு அங்குலம்.
எழுதிற்றன்.'

பெட்டி ஒருமுறை இடித்துக் குலுங்கியது.