நொண்டுகிற காலுக்கே கூலி

இரவு பதினொன்று. யூட்டாவில் ஜனவரி.
எஃகு ஆலை டெல்லை வீட்டுக்கு அனுப்பி
ஒன்பது வாரம்.
சமையலறை மேசையில் மூன்று கையேடுகள்.
ஆற்றில் போடுவதானாலும்
அளந்து போடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்,
கடைக்குட்டியின் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்.

எண்ணெய், என் நாத்தனார் ஜெனீலுடையது.
அவள் திட்டத்துக்கு இரண்டே கால்கள்.
இடதில் ஆயிரம் பேர் ஓடினாலும்
வலதில் நிற்பது மூன்று பேர் என்றால்
மூன்று பேருக்குத்தான் கூலி.
நொண்டுகிற காலை அளந்து
இரண்டுக்கும் விலை போடுகிற செருப்புக்கடை.
"வலது காலுக்கு நீ வா" என்றாள்
கையைப் பிடித்துக்கொண்டு.
காலாக இருக்கச் சொல்லி யாரும் என்னை
இவ்வளவு அன்பாக அழைத்ததில்லை.

பழச்சாறு, பல் டாக்டர் விட்லாக்குடையது.
மூன்றுக்கு மூன்று, கட்டம் கட்டமாய்.
மேலே இருப்பவர்களிடமிருந்து ஆட்கள் வழிந்து
தானாக உன் கட்டத்தில் விழுவார்கள் என்றார்,
என் வாய்க்குள் இரண்டு கருவிகள் இருந்த நேரம் பார்த்து.
மேலே பார்த்தேன்.
விளக்கு மட்டும் இருந்தது.

பியானோ டீச்சர் ஓர்லீன் தந்தது வைட்டமின்.
அகலத்துக்கு எல்லையில்லை,
ஏழு தளம் வரை ஐந்து சதவீதம்.
ஆனால் நான் வளர்த்தவள் என் உயரம் வந்ததும்
தன் கூட்டத்தோடு தனிக்குடித்தனம் போய்விடுவாள்.
கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.
நான்கு பெற்றவளுக்கு
அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றிலும் மாதம் நூறு புள்ளிக்கு நானே வாங்க வேண்டும்.
நூறு புள்ளி என்றால் நூற்று முப்பத்தெட்டு டாலர்.
புள்ளி ஏன், டாலர் என்றே சொல்லலாமே என்றேன்.
ஓர்லீன் சிரித்து
மெட்ரோனோமை முடுக்கிவிட்டாள்.

ஐந்து பேர், இருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து.
ஆறாவது தளத்தில்
பதினைந்தாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து.
எங்கள் ஊரில் தலைகள் ஒன்பதாயிரம்.
கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தேன்.
போதவில்லை.

சுவரில் மாமியார் பூத்தையலில் செய்த வம்சாவளி:
இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று
மேல்நோக்கி விரியும் விசிறி.
ஜெனீலின் தாளில் இருப்பதும் அதே படம்தான், தலைகீழாக;
அதையும் வம்சாவளி என்றுதான் சொல்கிறார்கள்.
விசிறியின் ஆறாம் வரிசையில்
டென்மார்க்கிலிருந்து கப்பலேறிய ஒரு கிர்ஸ்டீன்
டெல் பக்கமும் இருக்கிறாள், என் பக்கமும்.
ஆள் பற்றாக்குறை
அப்போதே இருந்திருக்கிறது.

ஒரு மணிக்குக் கூட்டிக் கழித்து
வைட்டமின்தான் தேவலை என்று வந்தது,
மாதம் பதினோரு டாலர் வித்தியாசத்தில்.
ஐந்து பெயர் எழுதச் சொன்னது கையேடு.
முதல் பெயர் யோசிக்காமலே வந்தது:
எதிர்வீட்டு ரனே.
மூன்றாவது பிரசவத்தன்று
டெல் நைட் ஷிப்டில் இருக்க
இரவு உடையோடு என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனவள்.

காலையில் போன் எடுத்ததும்
"இப்போதுதான் உன்னைக் கூப்பிட இருந்தேன்" என்றாள்.
குரலில் தேன்.
அதே தேனை நான்
குளியலறைக் கண்ணாடி முன் பழகியிருந்தேன்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு சிரித்தோம். அவளுக்கு எண்ணெய்.
ஜெனீலுக்கு வலது கால் கிடைத்துவிட்டது.

"உன் பட்டியலில் நான் எத்தனையாவது?"
விளையாட்டாகத்தான் கேட்டேன்.
"ஏழு" என்றாள்,
பொய் சொல்லத் தெரியாதவள்.

அந்த ஆறு பேர் யார் என்று கேட்கவில்லை.
பனி தள்ளுகிற மெஷின் வேண்டுமா என்றாள்.
வேண்டும் என்றேன்.
தெருவைக் கடந்து தள்ளிக்கொண்டு வந்தேன்.
டாங்கில் பாதி பெட்ரோல் இருந்தது.
திருப்பும்போது முழுதாக நிரப்பித் தருவதா,
இருந்த அளவுக்கா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.